வாளியில் இரண்டு தட்டு

வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு திருப்புளி. வெள்ளைச் சட்டைப் பையில், பேனா இருக்கவேண்டிய இடத்தில், மஞ்சள் பிடி வெளியே தெரியச் செருகியிருந்தது. சட்டைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைத் தொப்பி, குட்டைத் தாடி. அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் தோளில் தொங்கிய நீளப் பையைப் பார்த்தபடி வந்தார்.

"மாப்புள வந்துட்டாரா?" என்றார்.

இவர்தான் பளீல். மாத்தளைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் என் மருத்துவ நண்பர் நடத்தும் போதை மீட்பு இல்லத்தில் பத்து நாள் தங்கி, அதிக அளவு எடுத்து மயங்கியவரை எப்படிக் காப்பாற்றுவது என்று கற்றுக்கொண்டு போனார். பழகுவதற்கு ஒரு பொம்மை வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பத்திரிகை வேலையாகக் கொழும்பு போவது தெரிந்ததும், நண்பர் தன்னிடமிருந்த பழைய பொம்மையை என் தலையில் கட்டிவிட்டார். தலையும் மார்பும் மட்டும் உள்ள ரப்பர் மனிதன். வாய் திறந்திருக்கும். கை கால் கிடையாது.

இலங்கை பஸ்களில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. கண்டியைத் தாண்டிய ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பையைத் திறந்த சிப்பாய் இரண்டடி பின்னால் போனார். அதிகாரி வந்தார். பக்கத்து இருக்கையில் வந்த ஆசிரியை சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்றார்.

"இது என்ன?"

"பொம்மை."

"கை கால் எங்கே?"

"அதற்குக் கை கால் கிடையாது."

"நீங்கள் வெட்டினீர்களா?"

விளக்கம் எடுபடவில்லை. செய்து காட்டச் சொன்னார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒரு தமிழன், தார்ச்சாலை ஓரத்தில் மண்டியிட்டு, நாற்பது பயணிகள் பார்க்க, ரப்பர் வாயில் வாய் வைத்து ஊதினேன். பொம்மையின் மார்பு மேலெழுந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். இன்னொரு முறை ஊதச் சொன்னார். பிறகு, "எங்கள் முகாமுக்கும் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸை விட்டார்.

பளீல் அன்று பஸ் நிலையத்துக்கு வந்தது இரண்டு பேரை அழைத்துப்போக. ஒருவன் நான். இன்னொருவர் கால் மணி நேரம் கழித்துக் கண்டி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பொலிதீன் பை, காலில் பொருத்தமில்லாத பெரிய செருப்பு. பளீலின் அடுத்த வீட்டுக்காரர் நவாஸ். இருபத்தாறு வயது. எட்டு மாதச் சிறைவாசம் முடிந்து அன்று காலைதான் வெளியே விட்டிருந்தார்கள்.

"உம்மா வரல்லயா, நானா?" என்று பளீலைக் கேட்டார். அண்ணனுக்கு இங்கே நானா, அக்காவுக்கு ராத்தா.

"அவ ஆக்கிக்கிட்டு ஈக்கிறா. ஒனக்கு மாட்டெறச்சி."

நாங்கள் மூவரும் பொம்மையும் ஒரே முச்சக்கர வண்டியில் ஏறினோம். ஓட்டியவர் சுனில். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பளீலின் சட்டைப் பையைக் கண்ணாடியில் எனக்குக் காட்டி, "இந்த முதலாளிய பாருங்க சேர். காலைல கொண்டி விக்கிறாரு, பின்னேரம் அதே கொண்டிய வீடு வீடா போய் கழட்டுறாரு. இப்படி ஒரு வியாபாரி இந்தியாவுல ஈக்கிறாங்களா?" என்றார்.

நாம் தாழ்ப்பாள் என்பதை இவர்கள் கொண்டி என்கிறார்கள்.

பளீல் வீட்டில் மதியம் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரே தட்டு, அவரவர் முன்னால் இருக்கும் பகுதி அவரவருக்கு. அடுத்தவர் எல்லைக்குள் கை போவதில்லை. ஆனால் நல்ல இறைச்சித் துண்டு மட்டும் விருந்தாளியின் எல்லைக்குள் தானாக நகர்ந்து வந்துகொண்டேயிருக்கிறது. சென்னை விடுதியில் பக்கத்து இலைக்காரர் முழங்கை பட்டால் முறைக்கிறவன் நான். ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டது.

சாப்பிட்டபின் பனைவெல்லம் போன்ற கித்துல் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பால் இல்லாத தேநீர் குடித்தோம். அப்போது கொண்டியின் கதையைக் கேட்டேன்.

ஹெரோயினுக்கு இங்கே பெயர் குடு. சிங்களத்தில் தூள் என்று பொருள். அதை எடுப்பவர் வீட்டாருக்குத் தெரியாமல் எடுக்க ஒரே இடம் குளியலறை. கொண்டியைப் போட்டுவிட்டு உள்ளே மயங்குகிறார். மூச்சு மெதுவாகி நிற்கிறது. வெளியே இருப்பவர்கள் குளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதவை உடைத்தபிறகும் தெருவுக்குத் தெரியக்கூடாது என்று வாசலைச் சாத்திக்கொண்டு வாயில் தேசிக்காய்த் தண்ணீர், நம் எலுமிச்சைச் சாறு, ஊற்றுகிறார்கள். கடைசியில் பள்ளிவாசலில் மாரடைப்பு என்று அறிவிக்கிறார்கள்.

"முப்பது வயசுக்குள்ள எல்லாருக்கும் ஹார்ட் அட்டேக்" என்றார் பளீல்.

நானும் சென்னையில் அப்படி அச்சிட்டிருக்கிறேன். குடும்பம் சொன்னதை எழுதினோம் என்பது எங்கள் சமாதானம்.

பளீலின் தம்பி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "எங்க கடைல ஈக்கிறதுலயே நல்ல கொண்டி. நாந்தான் பூட்டிக் குடுத்தேன். கதவ உடைக்க இருவது நிமிஷம் போச்சு" என்றார்.

இப்போது அவரும் சில அயலவர்களும் சேர்ந்து மூன்று வேலை செய்கிறார்கள். வீட்டார் சம்மதித்தால் குளியலறைக் கொண்டியைக் கழற்றுகிறார்கள். மூச்சு ஊதப் பழக்குகிறார்கள். சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர்களிடம் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள்: மயங்கியவரை ஏற்ற வரிசை பார்ப்பதில்லை, கேள்வி கேட்பதில்லை. முதலில் சம்மதித்தவர் சுனில்.

கொண்டி இல்லாத குளியலறையில் பெண்கள் எப்படிப் போவது என்ற கேள்வி முதல் வாரமே வந்ததாம். உள்ளே இருப்பவர் குரல் கொடுக்கட்டும் என்றார் பளீல். அந்த இடத்தில் பேசுவது மார்க்கத்தில் விரும்பத்தக்கதல்ல என்றார் மௌலவி. அவரே வழியும் சொன்னார். வெளியே இருப்பவர் கதவில் இரண்டு தட்டு. உள்ளே இருப்பவர் தண்ணீர் மொள்ளும் ஜொக்கால் வாளியில் இரண்டு தட்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. வீட்டில் எல்லோருக்கும் இதே விதி, வந்த விருந்தாளிக்கும்கூட. ஒருவரை மட்டும் சந்தேகப்படுவதாக ஆகக்கூடாதல்லவா? எனக்கும் பளீல் வீட்டில் தட்டினார்கள். முதல்முறை ஜொக்கைத் தேடுவதற்குள் கதவு திறக்கப் பார்த்தது.

மாலையில் பளீல் திருப்புளியோடு நவாஸ் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். நவாஸின் தாய் ஹலீமா வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஞாயித்துக்கிழம றிஸானாவ பாக்க உக்குவளைல இருந்து மாப்புள வீட்டார் வர்றாங்க. கொண்டி இல்லாத வீட்டுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? திங்கக்கிழம வந்து கழட்டுங்க, தம்பி. கதவயே கழட்டிட்டு போங்க."

"மொத ரெண்டு வாரம்தான் ஆபத்து, ராத்தா. எட்டு மாசம் எடுக்காத ஒடம்பு. பழய அளவ எடுத்தா தாங்காது."

"எம்புள்ள திருந்தி வந்தீக்கிறான். அவன் எடுக்க மாட்டான்."

பளீல் திருப்புளியைச் சட்டைப் பையில் திரும்பச் செருகிக்கொண்டார். உள்ளே நவாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தங்கை றிஸானா, இருபத்திரண்டு வயது, பாலர் பாடசாலை ஆசிரியை, கதவருகே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் பெண்களுக்குப் பயிற்சி. கற்றுத்தந்தவர் ஓய்வுபெற்ற தாதி. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்ட தமிழ் அம்மா. எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. பொம்மையைப் பாயில் கிடத்தியதும் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை என்ற பெயர் இந்தப் பெண்கள் முன்கூட்டியே வைத்ததுதான்.

"இந்தியா மாப்புள. தாடிய காணோம்."

"கையும்தான் இல்ல. அடிக்க மாட்டாரு, கட்டிக்க."

மிஸ்ஸி சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார். "பிள்ளையள், இப்ப கேளுங்கோ. முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. நெஞ்செலும்பில மடக்கின விரல் மொளியால நல்லா உரசுங்கோ. எழும்பேல்லை எண்டால் ஒராள் வாகனத்துக்கு ஓடோணும். மற்றாள் தலையைப் பின்னுக்குச் சரிச்சு, மூக்கைப் பொத்தி, வாயில ஊதோணும். அஞ்சு எண்ணுறதுக்கு ஒருக்கா. தேசிக்காயும் வேண்டாம், பாலும் வேண்டாம். அது நெஞ்சுக்குள்ள போய்ச் சேர்ந்தால் நீங்களே அவரை அனுப்பி வைக்கிறீங்கள்."

ஒவ்வொருவராக முன்வந்தார்கள். சிலர் முந்தானையால் ரப்பர் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். சுவரோரம் கைகளைக் கட்டி நின்ற றிஸானாவை மிஸ்ஸி கூப்பிட்டார்.

"இல்ல மிஸ்ஸி. நான் பாத்துக்கிட்டு ஈக்கிறேன். அது போதும்."

அவள் மட்டும்தான் கடைசிவரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அந்தக் கூச்சம் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன்.

சனிக்கிழமை ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பயிற்சி வைத்திருந்தார்கள். பாண் எனும் ரொட்டி, பருப்புக் கறி, கண்ணில் நீர் வரவைக்கும் சம்பல் சாப்பிட்டுவிட்டு நானும் பளீலும் மாப்பிள்ளையும் பஸ் ஏறினோம். ரத்தோட்டை தாண்டியதும் சாலை சுருளத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே மிளகுக்கொடி, பிறகு தேயிலை, பிறகு வெறும் பனிமூட்டம். ஒரு வளைவில் பஸ் நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் திறந்தார், எட்டிப் பார்த்தார், மூடினார், பீடி பற்றவைத்தார். எங்கள் ஊரில் இந்நேரம் பத்துப் பேர் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள்.

கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு தோட்டத்துப் பெண் நின்று எங்களைப் பார்த்தார். "மேல போகாதீங்க ஐயா. அடுத்த பஸ்ஸு மூணு மணிக்குத்தான், அதுவும் வந்தாத்தான். திங்கக்கெழம வந்தீங்கன்னா எங்க லயத்து வீடுகள்ல எல்லாத்தையும் கூட்டி வைக்கிறேன்."

பீன்ஸ் மூட்டை ஏற்றிய லொறி ஒன்றில் திரும்பினோம். மூட்டைகளின்மேல் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின்மேல் நான். பளீல் வீட்டை அடைந்தபோது மணி இரண்டு பத்து.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் கதவில் இரண்டு தட்டு கேட்டது. நானும் அறியாமல் வாளிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடியும் இரண்டு தட்டு. பிறகு றிஸானாவின் குரல்: "நானா. நானா." மூன்றாம் முறை பெயரையே சொல்லிக் கூப்பிட்டாள்.

பளீல் வெறுங்காலோடு ஓடினார். ஓடும்போது கை சட்டைப் பையைத் தொட்டு, அங்கே திருப்புளி இருப்பதை உறுதி செய்துகொண்டது. நானும் பின்னால் ஓடினேன்.

திருப்புளிக்கு வேலை இருக்கவில்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. கொண்டி இருந்த இடத்தில் நான்கு துளைகள். சோப்புப் பெட்டிக்குள் நான்கு திருகாணிகள். காலையில் தாய் சந்தைக்குப் போன நேரத்தில் றிஸானா மேசைக் கத்தியால் கழற்றியிருந்தாள்.

நவாஸ் ஈரத் தரையில் கிடந்தார். உதடு நீலம். றிஸானா அவர் தலையைப் பின்னால் சரித்து, மூக்கைப் பொத்தி ஊதிக்கொண்டிருந்தாள். ஊதிவிட்டு நிமிர்ந்து, விரலால் தொடையில் ஐந்து எண்ணி, மறுபடி குனிந்தாள். மிஸ்ஸி காட்டியது போலவே. ஹலீமா தேசிக்காய்த் தண்ணீர்க் கோப்பையோடு வந்தார். றிஸானா தலை நிமிராமல் இடது கையால் அதைத் தட்டிவிட்டாள்.

பத்திரிகைப் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பதினெட்டு. பளீல் தொலைபேசியில் இரண்டு சொல் பேசினார். சுனிலின் வண்டி வந்தபோது இரண்டு இருபத்துநான்கு. வண்டிக்குள்ளும் அவள் நிறுத்தவில்லை. அண்ணனின் தலையை மடியில் சாய்த்து, ஒவ்வொரு வளைவிலும் சுனில் பிரேக் போடும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். நான் பளீலின் மகனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன்.

மருத்துவமனையில் ஹெரோயினை முறிக்கும் ஊசி இருந்தது. போட்ட இரண்டாவது நிமிடம் நவாஸ் பெரிதாக மூச்சிழுத்துக் கண் திறந்தார். கோபத்தோடு சுற்றிப் பார்த்து, "என் செருப்பு எங்க?" என்று கேட்டார்.

றிஸானா வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுனில் எங்கிருந்தோ ஒரு தேநீர் வாங்கிவந்து அவளிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க தங்கச்சிக்கும் இத பழக்கணும் சேர்" என்றார்.

மாலையில் நவாஸ் என்னிடம் பேசினார். வெள்ளிக்கிழமை இரவு பழைய கூட்டாளி ஒருவன் பார்க்க வந்திருக்கிறான். "கூட எடுக்கல்ல. முந்தி எடுத்த அளவுதான்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டாரை வேறு நாளைக்கு வரச்சொல்லலாம் என்றார் பளீல். ஹலீமா மறுத்தார். அப்படியானால் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கொண்டியைப் பூட்டித் தரவா என்று பளீல் கேட்டார்.

"வேணாம் மாமா" என்றாள் றிஸானா. தாய் அவளைப் பார்த்தார். பிறகு விருந்துக்கு அவித்த இனிப்பான வட்டலப்பத்தை வெட்டப் போனார்.

நான்கு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். முன்னறையில் ஆண்கள், உள்ளே பெண்கள். நான் இந்தியாவிலிருந்து வந்த நண்பர் என்று அறிமுகம். பேச்சு மிளகு விலை, மழை, சோதனைச் சாவடி என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வட்டலப்பம் முடிந்ததும் மாப்பிள்ளையின் தந்தை, கனத்த உடம்பும் மெதுவான பேச்சும் உள்ள மரக்கடைக்காரர், எழுந்து பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

மூலையில் சால்வை போர்த்து உட்கார்ந்திருந்த நவாஸ் எழுந்தார். "நான் காட்டுறேன், மாமா. கதவுக்குக் கொண்டி இல்ல. என்னாலதான் கழட்டி ஈக்கு. நான் வெளியே நிக்கிறேன். ரெண்டு தட்டு தட்டுவேன். நீங்க ஜொக்கால வாளில ரெண்டு தட்டு தட்டணும்."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எத்தன நாளாச்சு வெளியே வந்து?"

"நாலு."

பெரியவர் செருப்பை மாற்றிக்கொண்டு போனார். முன்னறையில் மற்ற எல்லோரும் வட்டலப்பத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவில் இரண்டு தட்டு. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு வாளியில் பலமாக இரண்டு. பளீல் தாடியைத் தடவுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்த பெரியவர் உட்காரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே பளீலை வாசற்பக்கம் அழைத்துப் போனார். நான் ஜன்னலருகே இருந்தேன்.

"கழட்டுறது நீங்கதானாமே. உக்குவளைக்கு எப்ப வருவீங்க?"

"வீடு யாருட?"

"என்டதான். எளய மகன் ஒருத்தன் ஈக்கிறான்."

பளீல் புதன்கிழமை என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, சம்பந்தம் பற்றி ஒரு வாரத்துக்குள் சொல்லி அனுப்புவதாக ஹலீமாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மாப்பிள்ளை இல்லாத பை மடித்துக் கையில் அடங்கியது. பளீல் தோட்டத்துக்குப் போகும் பயணத்துக்காகப் பொம்மையைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். சுனில் வண்டியை நவாஸ் வீட்டு வாசலோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். நான் ஏறியதும் வண்டியைக் கிளப்பப் போனவர் சாவியில் கைவைத்தபடி காத்திருந்தார்.

உள்ளே கதவில் இரண்டு தட்டு. வாளியில் இரண்டு தட்டு.

நவாஸ் வெளியே வந்து அன்று ஐந்தாம் நாள்.